குடியிருப்பில் ஒரு மாலைநேரப் படிப்பு மையம் தொடங்குவது எப்படி?

விழுப்புரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் அமைந்த இருளர் குடியிருப்புகளுக்கோ, செங்கல் சூளையை ஒட்டிய தொழிலாளர் குடிசைகளுக்கோ, ஊரிலிருந்து தள்ளி நிற்கும் காலனிகளுக்கோ போய்ப் பார்த்தால், அங்குள்ள குழந்தைகளில் பெரும்பாலோரின் பெயர் ஏதாவது ஓர் அரசுப் பள்ளியின் பதிவேட்டில் இருப்பது தெரியவரும். தொடக்கப் பள்ளி பெரும்பாலும் நடந்து செல்லும் தூரத்திலேயே இருக்கிறது. காலைச் சிற்றுண்டியும் முட்டையுடன் மதிய உணவும் கிடைக்கின்றன. பாடநூலும் சீருடையும் விலையில்லாமல் வருகின்றன. இத்தனைக்குப் பிறகும் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியால் இரண்டாம் வகுப்புப் பாடத்தின் ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்க முடியவில்லை என்றால், நன்கொடையாக இன்னொரு நோட்டுப் புத்தகம் கொடுப்பதால் அந்த நிலை மாறாது. சூளைக்குப் போன மாதங்களில் விட்டுப்போன பாடத்தை அவளுக்குத் திரும்பச் சொல்லித்தர வீட்டில் எழுதப்படிக்கத் தெரிந்தவர் இல்லை. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு நேரமும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது, அவள் குடியிருக்கும் தெருவிலேயே நாள்தோறும் இரண்டு மணி நேரம் நடக்கும் ஒரு மையம்.

இருபது முதல் இருபத்தைந்து குழந்தைகளைக் கொண்ட அப்படி ஒரு மையத்தை, பெரிய அமைப்போ பெருந்தொகையோ கையில் இல்லாத நான்கைந்து பேர் சேர்ந்து தொடங்குவதற்கான வழிமுறையே இக்கட்டுரை. இதில் சொல்லப்படும் பலவற்றை உங்கள் ஊரின் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மையம் நாள்தோறும் நடக்க வேண்டும் என்பதையும், நடத்துபவர் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதையும் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நகரத்திலிருந்து ஞாயிறுதோறும் காரில் வந்து பாட்டும் விளையாட்டும் நடத்திச் செல்லும் நல்லெண்ணக் குழுக்களைக் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் வாசிக்கத் தெரியாத குழந்தை அந்த ஞாயிறுகளால் வாசிக்கக் கற்றுக்கொள்வதில்லை.

முதல் மாதம்

மையத்தைத் தொடங்கும் முன் ஒரு மாத காலம் குடியிருப்புக்குப் போய்வருவது அவசியம். பகலில் போனால் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். வேலை முடித்துத் திரும்பி அடுப்பு மூட்டும் மாலை வேளையே பேசுவதற்கு ஏற்றது. ஒரு சாதாரண நோட்டில் வீடு வீடாகக் குழந்தைகளின் பெயர், வயது, வகுப்பு, பள்ளி, கடைசியாகப் பள்ளிக்குப் போனது எப்போது, வீட்டில் கைக்குழந்தை உண்டா, அதைப் பார்த்துக்கொள்வது யார், பெற்றோர் எந்த மாதங்களில் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளலாம். ஆதார் எண், வருமானம், கடன் தொகை போன்றவற்றை முதல் சந்திப்பிலேயே கேட்பது சந்தேகத்தைக் கிளப்பும். சூளை வேலைக்காக முன்பணம் வாங்கிய குடும்பங்களுக்கு, நோட்டும் பேனாவுமாக வரும் அந்நியரைக் கண்டு அஞ்ச நியாயமான காரணங்கள் உண்டு. எதையும் வாக்குறுதியாகக் கொடுக்கவும் கூடாது. பட்டா வாங்கித் தருவதாகவும் வீடு கட்டித் தருவதாகவும் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் பலரை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள்.

இந்த மாதத்தில் தவறாமல் சந்திக்க வேண்டியவர்கள் அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் சுய உதவிக் குழுவின் தலைவி, பள்ளித் தலைமையாசிரியர் ஆகிய மூவர். எந்த வீட்டுப் பிள்ளை எங்கே இருக்கிறது என்பது அங்கன்வாடிப் பணியாளருக்கு மனப்பாடம். தலைமையாசிரியரிடம் பேசும்போது, பள்ளி சரியாகச் சொல்லித்தராததால் நாங்கள் வருகிறோம் என்ற தொனி சிறிதும் எழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆசிரியர்களே ஐந்து வகுப்புகளையும் கவனிக்கும் பள்ளியில், மாலையில் யாரோ ஒருவர் வாசிப்புக்கு உதவுகிறார் என்றால் அது அவர்களுக்கும் ஆறுதலே. பிறகு குடியிருப்பில் ஒரு கூட்டம் கூட்டி, மையம் வேண்டுமா, எங்கே, எத்தனை மணிக்கு என்பதைப் பெற்றோரே முடிவு செய்யும்படி விட வேண்டும். அந்தக் கூட்டத்தில் பெண்கள் பேசும் வரை பொறுத்திருப்பது நல்லது. பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இடம்

கட்டடம் தேடி மாதங்களை வீணாக்க வேண்டியதில்லை. திண்ணை, மரத்தடி, சமுதாயக் கூடம், அங்கன்வாடி வளாகம், மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி வராந்தா என்று ஏதாவது ஒன்று போதும். ஊராட்சிக்கோ பள்ளிக்கோ சொந்தமான இடம் என்றால், எழுத்து மூலம் அனுமதி பெற்றுக்கொள்வது பின்னால் எழும் சிக்கலைத் தவிர்க்கும். கிராம சபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாகவே அதை வைக்கலாம். தமிழகத்தில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்த இடத்துக்கு எல்லாத் தெருப் பிள்ளைகளும் வர முடியுமா? ஒரு சாதியினரின் கோயில் மண்டபத்தை அன்போடு கொடுக்கிறார்கள் என்பதற்காக அங்கே மையம் வைத்தால், மற்றொரு தெருவின் குழந்தைகள் ஒரு வார்த்தை சொல்லாமல் வராமல் நின்றுவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் அது அக்கறையின்மையாகத் தெரியும். ஊருக்கும் காலனிக்கும் பொதுவான இடம் என்று ஒன்று இல்லாவிட்டால், மிகவும் பின்தங்கிய குழந்தைகள் வசிக்கும் தெருவிலேயே மையத்தை வைப்பதுதான் சரி. மற்றவர்கள் விரும்பினால் அங்கே வரட்டும்.

வெளிச்சம், பாய், குடிநீர், கழிப்பிடம் ஆகியவற்றை மட்டும் முதல் நாளுக்கு முன் சரிசெய்ய வேண்டும். அருகிலுள்ள வீட்டிலிருந்து முறையாக மின்இணைப்பு எடுத்து அந்த வீட்டுக்கு மாதம் ஒரு தொகை கொடுத்துவிடலாம். தெருக்கம்பத்தில் கொக்கி போடுவது கூடவே கூடாது. மின்வெட்டு நேரத்துக்கு மின்னேற்றம் செய்யும் விளக்குகள் இரண்டு இருக்கட்டும். ஏரிக்கரைக் குடியிருப்புகளில் மழைக்காலத்தில் பாம்பு நடமாட்டம் அதிகம் என்பதால், இருட்டும் முன் முடிப்பதோ, பெரிய பிள்ளைகள் டார்ச் விளக்குடன் சிறியவர்களை வீடு சேர்ப்பதோ கட்டாயம்.

அக்கா

மையத்தின் தரம் பெரும்பாலும் அதை நடத்துபவரைப் பொறுத்தது. பட்டமும் பி.எட்.டும் பெற்றவர் வெளியூரிலிருந்து வரும்போது பேருந்து தவறினால் மையம் இல்லை, மழை பெய்தால் மையம் இல்லை என்று ஆகிவிடும். அதே தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்ணோ, கம்பெனி வேலைக்குப் போய்த் திரும்பிவந்த பெண்ணோ ஒருவர் இருந்தால், குழந்தைகள் ‘அக்கா’ என்று கூப்பிடக்கூடிய அவர்தான் பொருத்தமானவர். வராத பிள்ளையை வீட்டுக்கே போய் அழைத்துவர அவரால் முடியும். எந்த வீட்டில் நேற்று இரவு சண்டை என்பதும் அவருக்குத் தெரியும். கற்பித்தல் முறையைப் பத்து நாட்களில் சொல்லித்தர முடியும். அந்த உறவைச் சொல்லித்தர முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் இல்லாத குடியிருப்பில் பத்தாம் வகுப்பு படித்தவரைக் கொண்டும் தொடங்கலாம். வெளியிலிருந்து வருபவர் வாரம் ஒருநாள் அவருக்குத் துணையாக இருந்து பயிற்சி கொடுத்தால் போதும்.

இதற்குத் தமிழகத்தில் முன்னுதாரணங்கள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் மாவட்டந்தோறும் பரவிய அறிவொளி இயக்கம், உள்ளூர்த் தொண்டர்களை நம்பியே பெரியவர்களுக்கு எழுத்தறிவித்தது. கொரோனாவால் மூடிய பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அதற்குச் சற்று முன் அக்டோபர் 27 அன்று, மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தமிழக அரசு தொடங்கிவைத்த ‘இல்லம் தேடிக் கல்வி’யும் ஏறத்தாழ இருபது குழந்தைகளுக்கு ஓர் உள்ளூர்த் தன்னார்வலர் என்ற கணக்கிலேயே இயங்கியது. தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அப்படித் தன்னார்வலராக இருந்த ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், அவரையே முதலில் போய்ப் பாருங்கள். இருபது குழந்தைகளை ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்காரவைக்கும் அனுபவம் அவருக்கு ஏற்கெனவே இருக்கும்.

அந்தத் திட்டத்தில் ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். நாள்தோறும் இரண்டு மணி நேர வேலைக்கு அது குறைவு என்பதே என் எண்ணம். சேவை என்ற பெயரில் ஏழைப் பெண்ணின் உழைப்பை இலவசமாகப் பெறும் வழக்கத்தை நாம் தொடர வேண்டியதில்லை. உங்களால் இயன்ற, ஆனால் ஓராண்டு முழுதும் தவறாமல் கொடுக்கக்கூடிய தொகையைத் தீர்மானித்து, மாதத்தின் ஐந்தாம் தேதிக்குள் அவர் கையில் சேர்த்துவிட வேண்டும். அதிகமாக அறிவித்துவிட்டு மூன்றாம் மாதம் நிலுவை வைப்பதைவிட இது மேல்.

குழந்தை எங்கே நிற்கிறது?

முதல் வாரம் பாடம் எதுவும் நடத்தாமல், ஒவ்வொரு குழந்தையையும் தனியே உட்காரவைத்து அதன் வாசிப்பு நிலையைக் கண்டறிய வேண்டும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முயற்சியில் 2005இல் தொடங்கிய, குழந்தைகளின் கற்றல் நிலையை அளக்கும் ‘அசர்’ ஆய்வில் பயன்படும் முறை இதற்கு மிகவும் எளியது. ஒரே தாளில் சில எழுத்துகள், சில சிறு சொற்கள், நான்கு வரிப் பத்தி ஒன்று, சற்று நீண்ட கதை ஒன்று ஆகியவற்றை அச்சிட்டு, முதலில் பத்தியைக் கொடுக்க வேண்டும். வாசித்தால் கதைக்கும், திணறினால் சொற்களுக்கும், அதுவும் முடியாவிட்டால் எழுத்துகளுக்கும் போக வேண்டும். ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் போதும். பக்கத்தில் மற்ற பிள்ளைகள் நின்று விடையைச் சொல்லிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையில் கடினமான வேலை.

இந்தச் சோதனையில் வகுப்பை நம்பக் கூடாது. கையெழுத்தையும் நம்பக் கூடாது. கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாக எழுதிக்காட்டும் நான்காம் வகுப்புப் பிள்ளையிடம், அது எழுதியதன் நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டு ‘இது என்ன?’ என்று கேட்டால், வரியின் முதலிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கும், சொல் தெரியாது. அந்தப் பிள்ளை எழுத்தைப் படமாக வரைகிறதே தவிர, வாசிக்கவில்லை. இன்னொரு வகைக் குழந்தை ‘ம, ர, ம்’ என்று மூன்றையும் சரியாகச் சொல்லும். சேர்த்துச் சொல் என்றால் விழிக்கும். இவ்விருவருக்கும் வேண்டிய உதவி வேறு வேறு என்பதால், குழந்தைகளை வகுப்புவாரியாகப் பிரிக்காமல் நிலைவாரியாக மூன்று குழுக்களாக அமர்த்த வேண்டும். தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்தது இதே காரணத்தால்தான். அந்தத் திட்டத்தின் பயிற்சி நூல்கள் பள்ளியில் மிஞ்சியிருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுத்து நிலையில் இருந்தால், சிறியவர்களோடு அவனை உட்காரவைத்து அவமானப்படுத்த வேண்டாம். குழு கூடும் முன் அரைமணி நேரம் அவனுக்கு மட்டும் தனியே ஒதுக்கலாம்.

இரண்டு மணி நேரம்

மாலை ஐந்து மணிக்குக் குழந்தைகள் பசியோடு வருகிறார்கள் என்பதை மறந்தால் எந்தக் கற்பித்தல் முறையும் பலிக்காது. பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அம்மா வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டார். ஒரு கிலோ கொண்டைக் கடலையை இரவே ஊறவைத்து வேகவைத்தால் இருபத்தைந்து குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் சுண்டல் கிடைக்கும். மறுநாள் வேர்க்கடலை, அதற்கு மறுநாள் பச்சைப்பயறு என்று மாற்றிக்கொள்ளலாம். சமைக்கும் பொறுப்பைத் தாய்மார்கள் முறை வைத்து ஏற்றுக்கொண்டால், மையத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க அவர்களுக்கும் அது ஒரு வாய்ப்பாகும். சுண்டலைக் கடைசியில் கொடுத்தால் குழந்தைகள் இருந்து படிப்பார்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பசித்தவரைக் காக்கவைத்துப் பாடம் நடத்துவது எனக்கு உடன்பாடில்லை. வந்ததும் கொடுத்துவிடுவதே முறை.

சாப்பிட்டபின் பத்து நிமிடம் பாட்டு அல்லது விடுகதை, அடுத்து ஒரு மணி நேரம் வாசிப்பும் எழுத்தும், அரைமணி நேரம் கணக்கு, மீதி நேரம் வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் மையத்தை டியூஷனாகவே பார்ப்பார்கள். வீட்டுப்பாடத்தை முடித்துக்கொடுப்பதும் இங்கிலீஷ் சொல்லித்தருவதும்தான் அவர்களுடைய முதல் கோரிக்கையாக இருக்கும். அந்தக் கோரிக்கையை அலட்சியப்படுத்தக் கூடாது என்றாலும், இரண்டு மணி நேரத்தையும் வீட்டுப்பாடம் விழுங்க விட்டுவிட்டால், வாசிக்கத் தெரியாத பிள்ளை அங்கேயும் பார்த்து எழுதிக்கொண்டே இருக்கும்.

எழுத்து நிலையிலுள்ள குழந்தைகளுக்கு அ, ஆ முதல் வரிசையாகத் தொடங்கி 247ஐயும் முடித்த பிறகுதான் சொல் என்று போனால் ஆண்டு முடிந்துவிடும். அறிவொளி இயக்கத்தின் முதல் பாடம் ‘பட்டா’, ‘படி’ என்ற சொற்களில் தொடங்கியது. எழுத எளிதான வடிவங்கள், வாழ்க்கையில் பொருளுள்ள சொற்கள் என்பதே அதன் அடிப்படை. குழந்தைகளுக்கும் ட, ப, ம, ய, க, த போன்ற சில எழுத்துகளைக் கொண்டு ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’, ‘கட்டம்’, ‘பக்கம்’ என்று முதல் வாரத்திலேயே சொற்களை வாசிக்கவைக்க முடியும். பிறகு ஒவ்வொரு குறியாகச் சேர்க்க வேண்டும். இங்கே வழக்கமாக இடறும் இடங்கள் சிலவற்றை அக்கா முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. துணைக்காலும் ‘ர’வும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவதால் ‘பால்’ என்பதைப் ‘பரல்’ என்று வாசிப்பார்கள். எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பை முதலில் பார்த்துவிட்டு, அதை எந்த எழுத்தோடு சேர்ப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். ‘கொ’வில் கொம்பு, க, கால் மூன்றும் சேர்ந்து ஒரே ஒலி என்பது பல நாள் பழக்கத்துக்குப் பிறகே பிடிபடும். கெட்டி அட்டையில் குறிகளைத் தனியாகவும் எழுத்துகளைத் தனியாகவும் வெட்டி, குழந்தையே தன் கையால் நகர்த்திச் சேர்க்கும்படி செய்தால், கரும்பலகையில் பத்து முறை எழுதிப்போடுவதைவிட விரைவில் புரிகிறது. ண, ன, ந வேறுபாட்டையும் ல, ள, ழ வேறுபாட்டையும் இந்தக் கட்டத்தில் திருத்திக்கொண்டே இருக்க வேண்டாம். வாசிப்பு ஓடத் தொடங்கிய பிறகு எழுத்துப்பிழைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

பத்தி வாசிக்கத் தொடங்கிய குழந்தைக்குப் பாடநூல் அல்லாத சிறு கதைப் புத்தகங்கள் வேண்டும். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக, அச்சிட்டுக்கொள்ளும் உரிமையுடன் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பள்ளிக் கல்வித்துறை வெளியிட்ட ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழும், அருகிலுள்ள ஊர்ப்புற நூலகமும் உதவும். புத்தகங்களை அலமாரியில் பூட்டிவைக்காமல் கொடியில் துணிபோலத் தொங்கவிட்டு, வீட்டுக்கு எடுத்துப்போகவும் விட வேண்டும். சில கிழியும், சில தொலையும். அது செலவுக் கணக்கில் சேர வேண்டியதே.

கணக்கில் நிலைமை சற்று வேறு. ஐம்பது ரூபாயை நீட்டி முப்பத்தேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கி, மீதிச் சில்லறையைக் கடைக்காரர் தரும் முன்பே சொல்லிவிடும் சிறுமிக்கு, நோட்டில் 50இலிருந்து 37ஐக் கழிக்க வராது. பூச்சியத்திலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து பூச்சியத்தைக் கழித்து 27 என்று எழுதுவாள். அவளுக்குக் கணக்கு தெரியும், எழுத்துமுறைதான் தெரியாது. பத்துப் பத்தாகக் கட்டிய விளக்குமாற்றுக் குச்சிகளையும் உதிரிக் குச்சிகளையும் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்துக் கழிக்கச் சொன்னால், கடன் வாங்குவது என்றால் என்ன என்பது விளங்கிவிடும். கல் எண்ணிப் பழகிய சூளைக் குழந்தைகளுக்குப் பெரிய எண்களில் பயமே இருக்காது என்பதையும் கவனித்திருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே வாசிப்புத் தாளின் இன்னொரு வடிவத்தைக் கொண்டு எல்லாரையும் மீண்டும் சோதித்து, நிலை மாறியவர்களைக் குழு மாற்ற வேண்டும். முடிவைப் பெற்றோர் கூட்டத்தில் அறிக்கையாகப் படிப்பதைவிட, குழந்தையைத் தன் தாயின் முன் நான்கு வரி வாசித்துக்காட்டச் சொல்லலாம்.

சான்றிதழ்களும் பள்ளிச் சேர்க்கையும்

பள்ளியிலிருந்து நின்றுவிட்ட குழந்தைகளை மையத்திலேயே வைத்துப் படிப்பிப்பது பெரும் தவறாக முடியும். மையம் பள்ளிக்கு மாற்று அல்ல. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 வயது முதல் 14 வயது வரையிலான குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் சேர்க்கையை மறுக்க முடியாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதையும் காரணம் காட்ட முடியாது. இடையில் படிப்பை விட்ட குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். நடைமுறையில் குழந்தையின் பெயர் பழைய பள்ளியின் எமிஸ் (பள்ளிக் கல்வித்துறையின் கணினிவழி மாணவர் பதிவேடு) பதிவில் மாட்டிக்கொண்டிருப்பதே சேர்க்கை தடைபடக் காரணமாக இருக்கும். பழைய பள்ளியின் தலைமையாசிரியர் அதைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றினால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். ஒரு தொலைபேசி அழைப்பில் முடியக்கூடிய இந்த வேலையை எந்தப் பெற்றோரும் தானாகச் செய்ய முடியாது, உங்களால் முடியும். தகராறு வந்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடமும், கல்வி உதவி எண் 14417லும் முறையிடலாம்.

இருளர் குழந்தைகளுக்குப் பழங்குடியினர் சான்றிதழ் தனிப் பிரச்சினை. அதை வழங்க வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். பெற்றோரிடம் சான்றிதழ் இல்லாத நிலையில் விசாரணை நீண்டுகொண்டே போகும்; ஆகவே பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் தொடக்கப் பள்ளி நாட்களிலேயே குடியிருப்பு முழுவதற்கும் சேர்த்து விண்ணப்பிப்பது நல்லது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித்தொகைத் தேர்வுக்குத் தயார்ப்படுத்தலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

பாதுகாப்பு

குழந்தையோடு எந்தப் பெரியவரும் மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, வெளியிலிருந்து வரும் தன்னார்வலர் எவரும் குழந்தைகளைத் தனியே எங்கும் அழைத்துச் செல்லக் கூடாது என்ற விதிகளை எழுதி, மையத்தோடு தொடர்புடைய எல்லாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பாலியல் துன்புறுத்தல் நடந்ததாகத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்கலாம் என்று சொன்னாலும் இந்த ஒன்றில் இணங்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதிவையுங்கள். நன்கொடையாளருக்கு அனுப்புவதற்காகக் கிழிந்த சட்டையோடு குழந்தைகளைப் படம் எடுக்கும் வழக்கத்தையும் இந்தத் தலைப்பின் கீழேயே சேர்க்க வேண்டும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் படமும் வெளியே போகக் கூடாது.

பணமும் பதிவும்

முதல் ஆண்டுக்குப் பதிவு பெற்ற அமைப்பு தேவையில்லை. ஊக்கத்தொகை, சுண்டல், விளக்கு, எழுதுபொருள் ஆகியவற்றுக்கான செலவை நண்பர்கள் பத்துப் பேர் மாதாமாதம் பகிர்ந்துகொண்டால் போதும். வரவு செலவை மையத்தின் சுவரிலேயே ஒட்டிவிடலாம். பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட வேண்டிய நிலை வந்ததும், தனிநபர் வங்கிக் கணக்கில் வாங்காமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளையாகவோ, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு உறுப்பினர்களைக் கொண்ட சங்கமாகவோ பதிவு செய்துகொள்ள வேண்டும். நிர்வாகிகளில் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் பாதிப்பேராவது இருக்கட்டும். நன்கொடையாளர்கள் வரிச்சலுகை கேட்டால் அதற்கு வருமான வரித்துறையின் அனுமதி பெற வேண்டும். வெளிநாட்டுப் பணத்தை உரிய பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

சூளைக் காலமும் ஆறாம் வகுப்பும்

மழை ஓய்ந்து சூளைகள் தொடங்கும்போது மையத்தின் பாதிக் குழந்தைகள் காணாமல் போவார்கள். ஆனி பிறந்த பிறகே திரும்புவார்கள். இதைத் தடுக்க நினைத்து முன்பணம் வாங்கிய பெற்றோரோடு வாதாடிப் பயனில்லை. தாத்தா பாட்டியிடமோ அத்தையிடமோ விட்டுச்செல்லக்கூடிய குழந்தைகள் யார் என்று ஐப்பசி மாதமே கேட்டு, அவர்களுக்கு மாலைச் சுண்டலோடு இரவு உணவுக்கும் ஏற்பாடு செய்ய முடிந்தால் சிலராவது தங்குவார்கள். போகிறவர்கள் எந்தச் சூளைக்குப் போகிறார்கள் என்பதைக் குறித்துவைத்து, அருகிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியரிடமும் அந்தப் பகுதியின் வட்டார வள மையத்திலும் முன்னதாகச் சொல்லிவைக்கலாம். புத்தகம் ஒன்றையும் அட்டைகளையும் பையில் போட்டு அனுப்பினால், திரும்பி வரும்போது எழுத்துகள் முழுதும் மறந்திருக்காது.

ஐந்தாம் வகுப்பு முடிக்கும் குழந்தைகளின் பெயர்களைச் சித்திரையிலேயே தனிப் பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை தெருமுனையில் இருந்த பள்ளி இனி நான்கைந்து கிலோமீட்டர் தள்ளிப் போகும்; தெரிந்த ஆசிரியர் இருக்க மாட்டார்; குடியிருப்பின் பெயரைச் சொல்லிக் கேலி செய்யும் புதிய முகங்கள் இருக்கும். மே மாதத்திலேயே அக்கா இந்தப் பிள்ளைகளைப் பெற்றோரோடு புதிய பள்ளிக்கு அழைத்துப்போய்ச் சேர்க்கையை முடித்து, இலவசப் பேருந்துப் பயண அட்டைக்கும் வழிசெய்து, ஒரே பேருந்தில் போகும் மூத்த பிள்ளை ஒருவரைத் துணை சேர்த்துவிட வேண்டும். தொலைவு மிக அதிகம் என்றால் பெண் குழந்தைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளியான கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயாவையோ அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியையோ பெற்றோருக்குக் காட்டிவிட்டு வரலாம். நான் பார்த்தவரை, ஆறாம் வகுப்பில் நிற்பவர்கள் பெரும்பாலும் முதல் பருவம் முடியும் முன்பே நின்றுவிடுகிறார்கள். ஆதலால் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை அந்தப் பள்ளியின் வகுப்பாசிரியரிடம் வருகையை விசாரித்து, இரண்டு நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே போய்வருவதை அக்காவின் வேலைகளில் ஒன்றாக எழுதிவைக்க வேண்டும்.